அதே கம்பெனியா, வேறயா?

"ஹெல்மெட் மாத்தணும் மாமா. அதே கம்பெனியே வாங்கவா, வேற பிராண்டுக்குப் போகலாமா?" என்று கேட்டான் அக்கா மகன். தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவன். முகம் முழுக்க மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்தான் போடுவான். பழையதுக்கு ஆறு வயதாகிவிட்டது. கன்னத்துப் பஞ்சு தளர்ந்துபோய், தலையைச் சட்டென்று திருப்பினால் தலை முதலில் திரும்புகிறது, ஹெல்மெட் பிறகு வருகிறது. உடன் வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பிராண்ட் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் ஒரு பெயரை எதிர்பார்த்தான். டீ வரட்டும், உட்கார் என்றேன். ஒரு பெயரைச் சொல்லி அனுப்புகிற விஷயமில்லை இது.

ஒவ்வொரு ஹெல்மெட் கம்பெனியிடமும் ஒரு தலை இருக்கிறது. எந்த மாதிரித் தலையை மனதில் வைத்து அவர்கள் உள்வடிவத்தை அமைக்கிறார்களோ, அந்தத் தலை. அதன் நெற்றி எவ்வளவு அகலம், பின்மண்டை எவ்வளவு நீளம், காதுக்கு மேலே எவ்வளவு குறுகல் என்பதெல்லாம் அந்த அச்சில் முடிவாகிவிடுகிறது. பெயின்ட், டிசைன், காற்றோட்டத் துளை எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். உள்வடிவம் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. எட்டாம் நம்பர் ஷூ ஒரு கம்பெனியில் கச்சிதமாக இருந்து, இன்னொன்றில் விரலைக் கடிப்பது போலத்தான் இதுவும். ஆகவே பிராண்டை மாற்றுகிறோம் என்றால், நம் தலையை வேறொரு அச்சுக்குள் வைத்துப் பார்க்கிறோம் என்று பொருள். பழைய ஹெல்மெட் இத்தனை வருஷமும் நெற்றியை அழுத்தாமல், தலைவலி தராமல் இருந்திருந்தால், அதே கம்பெனிக்குப் போக அது வலுவான காரணம். முதல் நாளிலிருந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் போட முடியாமல் நெற்றியில் சிவப்புத் தழும்பு விழுந்திருந்தால், எவ்வளவு நல்ல பெயருள்ள கம்பெனியாக இருந்தாலும் அதை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

பொருத்தத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வசதிக்காக மட்டும் இல்லை. ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும்.

வெளி ஓடுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஓட்டுக்கு இரண்டு வேலை: கூரானது உள்ளே நுழையாமல் தடுப்பது, ஒரே இடத்தில் விழுந்த அடியைப் பரப்பிக் கொடுப்பது. உயிர் காக்கும் வேலையைச் செய்வது அதற்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வருகிற அதே வகைப் பொருள்தான். அடர்த்தி மட்டும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. அடி விழும்போது அது நசுங்க வேண்டும். நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது அது. இப்படி நசுங்கி அடியை வாங்கும் உள்ளடுக்கு கொண்ட ஹெல்மெட்டுக்கு, தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் லொம்பார்டும் ஹெர்மன் ராத்தும் 1953இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். இன்று நாம் போடுகிற எல்லா ஹெல்மெட்டுக்கும் அடிப்படை அதுதான்.

ஹெல்மெட் சோதனை ஒன்றில் வைக்கிற வேகத்தையே எடுத்து, ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன். மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் தலை ஒரு கல்லில் மோதுகிறது. தெர்மாகோல் நசுங்கி 3 சென்டிமீட்டர் தூரத்தில் தலையை நிறுத்தினால், மூளை தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல சுமார் 95 மடங்கு. அதே தலை ஹெல்மெட் இல்லாமல் 2 மில்லிமீட்டரில் நின்றுபோனால் 1,400 மடங்கைத் தாண்டுகிறது. அந்த 3 சென்டிமீட்டருக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஹெல்மெட் லொடலொடவென்று இருந்தால், அடி விழும் கணத்தில் அது நகர்ந்து, தெர்மாகோல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும். சமயத்தில் தலையை விட்டே கழன்று போகும். அதனால்தான் பிராண்டை விடப் பொருத்தம் முந்துகிறது.

"27 கிலோமீட்டர்லயா டெஸ்ட் பண்றாங்க? நான் அறுபதுல போறேனே மாமா" என்றான். நல்ல கேள்வி, இதைக் கேட்டுவிட்டு ஹெல்மெட்டால் பிரயோஜனமே இல்லை என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. சோதனையில் பார்ப்பது வண்டியின் வேகத்தை அல்ல. தலை எந்தப் பரப்பில் மோதுகிறதோ, அதற்கு நேர் எதிரே எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை. பைக்கிலிருந்து சறுக்கி விழுகிறவர் சாலையோடு இழுபட்டுப் போகும் வேகம் அறுபதாக இருக்கலாம். ஆனால் தலை சாலையை நோக்கி இறங்குவது பெரும்பாலும் விழுந்த உயரத்துக்கு ஏற்ற வேகத்தில்தான். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். நேராகப் போய் லாரியின் பின்பக்கத்திலோ, சாலை நடுச்சுவரிலோ மோதினால் இந்தக் கணக்கு வேறு. எந்த ஹெல்மெட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் பலன் பெரிது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவது சாவின் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொன்னது.

தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மீள்வதில்லை. விபத்தில் தலை உள்ளே இருக்கும்போது அடிபட்ட ஹெல்மெட், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், அதோடு முடிந்தது. வண்டி சீட்டிலிருந்து வெறும் ஹெல்மெட் கை தவறி விழுந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. உள்ளே தலையின் எடை இல்லாததால் தெர்மாகோல் நசுங்குவதற்கான விசை குறைவு. ஆனால் உயரத்திலிருந்து விழுந்தாலோ, ஓட்டில் விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். பக்கக் கண்ணாடியின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டுவது நம் ஊரில் பெரிய பழக்கம். அந்தக் கண்ணாடி முனை தெர்மாகோலில் தினமும் ஒரே இடத்தில் குழி தோண்டுகிறது. பெட்ரோல், தின்னர், சில பசைகள் பட்டாலும் தெர்மாகோலும் சில பிளாஸ்டிக் ஓடுகளும் கெட்டுவிடும். இப்படி எதுவுமே நடக்காவிட்டாலும், வியர்வையும் எண்ணெயும் வெயிலும் பசையையும் பஞ்சையும் தளர்த்திவிடுவதால், ஐந்து வருஷம் பயன்படுத்தியதும் மாற்றச் சொல்கிறது ஸ்னெல் அறக்கட்டளை. 1956இல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்ற கார் பந்தய வீரரின் நினைவாக ஏற்பட்ட அமைப்பு அது. அவனுடையது ஆறு வருஷம். மாற்ற நினைத்தது சரிதான்.

அடுத்தது முத்திரை. இதில் நான் கண்டிப்பானவன்.

இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதோ இறக்குமதி செய்வதோ விற்பதோ குற்றம். அந்தத் தரத்தின் எண் ஐஎஸ் 4151. அடி தாங்குவது, நாடா இழுவையைத் தாங்குவது, பக்கவாட்டுப் பார்வை, வைசரின் தெளிவு எல்லாம் அதில் சோதிக்கப்படுகின்றன. ஆனால் ஜிஎஸ்டி சாலையோரத்தில் குவித்து வைத்து விற்கிற ஹெல்மெட்டிலும் ஐஎஸ்ஐ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உண்மையான முத்திரையில் மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஐஎஸ்ஐயோடு சேர்த்து ஐரோப்பிய முத்திரையும் உள்ள ஹெல்மெட்டுகள் இப்போது நம் கடைகளிலேயே கிடைக்கின்றன. நாடாவில் தைத்த துண்டில் ஒரு வட்டம், அதற்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் 1 என்றால் ஜெர்மனியில் பெற்ற அனுமதி, 3 இத்தாலி, 9 ஸ்பெயின். அதற்குப் பக்கத்தில் வரும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது புதிய விதி, ஈசிஇ 22.06, 05 என்றால் பழையது. இந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் இருக்கிறது. பழைய விதியில் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் அடித்துப் பார்ப்பார்கள். புதியதில் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்திலும், அதைவிட மெதுவாக 22 கிலோமீட்டர் அளவிலும் அடிக்கிறார்கள். மெதுவான அடி எதற்கு என்றால், தெர்மாகோல் மிகக் கடினமாக இருந்தால் சின்ன அடியில் நசுங்காமல் அடியை அப்படியே மூளைக்குக் கடத்திவிடும். இன்னும் முக்கியமானது, சாய்வான பரப்பில் ஹெல்மெட்டை மோதவிட்டு, தலை எவ்வளவு சுழற்றப்படுகிறது என்றும் அளக்கிறார்கள். நேரடி அடியைவிட இந்தத் திடீர்ச் சுழற்சி மூளை நரம்பிழைகளை அதிகமாகக் கிழிக்கும் என்பது நரம்பியல் அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. ஸ்வீடனில் உருவான மிப்ஸ் என்ற உள்ளடுக்கு, இந்தச் சுழற்சியைக் குறைப்பதற்காகவே தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் சற்று வழுக்க விடுகிறது.

டாட் என்ற அமெரிக்க முத்திரையைப் பார்த்து அதிகம் மயங்க வேண்டாம். அங்கே தயாரிப்பாளரே தன் ஹெல்மெட் தேறியது என்று சான்று தந்துகொள்ளலாம். அரசு பிறகு கடையிலிருந்து சிலவற்றை வாங்கிச் சோதிக்கும். அந்த மூன்றெழுத்து ஸ்டிக்கரை இங்கே யார் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். பிரிட்டன் அரசு 2007இல் தொடங்கிய ஷார்ப் என்ற திட்டம் ஹெல்மெட்டுகளை வாங்கி, தானே உடைத்துப் பார்த்து, ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் தருகிறது. விலை கூடினால் நட்சத்திரமும் கூடும் என்பதில்லை என்று அந்தச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் கையில் உள்ள பணத்துக்குள் நல்ல ஹெல்மெட் கிடைக்கும் என்று அவனிடம் நான் தைரியமாகச் சொன்னது இதனால்தான்.

இனி தலைக்கு வருவோம். தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டை மிக எடுப்பாக இருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். வந்த சென்டிமீட்டரை அந்தந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹெல்மெட்டில் எல் என்று போட்டிருக்கிறதே என்று புதுக் கம்பெனியிலும் எல் கேட்டால் பாதி நேரம் தப்பாகப் போகும். சுற்றளவு கிடைத்தாலும் பாதிதான் தெரிந்தது. ஒரே 58 சென்டிமீட்டர் உள்ள இருவரில் ஒருவர் தலை மேலிருந்து பார்த்தால் நீள்வட்டமாக இருக்கும், இன்னொருவருடையது கிட்டத்தட்ட உருண்டை. உருண்டை அச்சில் செய்த ஹெல்மெட்டை நீளத் தலையில் போட்டால் நெற்றியும் பின்மண்டையும் நசுங்கும், காதுப்பக்கம் விரல் போகும். நீள அச்சை உருண்டைத் தலையில் போட்டால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும், முன்னும் பின்னும் இடைவெளி. இரண்டு பேரும் "சைஸ் சின்னது" என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்குவார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. மாற்ற வேண்டியது அளவை அல்ல, அச்சை. அதாவது பிராண்டை, அல்லது அதே பிராண்டில் வேறு மாடலை. ஜப்பானின் ஆராய் அமெரிக்கச் சந்தையில் நீளத் தலைக்கும் நடுத்தரத் தலைக்கும் உருண்டைத் தலைக்கும் தனித்தனி மாடலே வைத்திருக்கிறது. இத்தாலியின் ஏஜிவி போன்ற ஐரோப்பியக் கம்பெனிகள் ஆசியத் தலைக்கென்று தனி உள்வடிவம் செய்து விற்கின்றன.

ஆகவே வாங்குவது ஆன்லைனில் என்றாலும் போட்டுப் பார்ப்பது கடையில்தான். சென்னையில் ஜி.பி. ரோட்டில் ஒரு அரைநாள் செலவிட்டால் நாலைந்து பிராண்டைத் தலையில் போட்டுப் பார்த்துவிடலாம். ஃபரிதாபாத்தின் ஸ்டட்ஸும் அதன் மேல்தட்டு பிராண்டான எஸ்எம்கேயும், பெல்காமின் வேகாவும் அதன் ஆக்ஸரும், 1964இலிருந்து இருக்கும் ஸ்டீல்பேர்டும், ஸ்பெயினின் எம்டியும் என்று விதவிதமான அச்சுகள் ஒரே தெருவில் இருக்கும். போட்டதும் உடனே கழற்றக் கூடாது. கால் மணி நேரமாவது தலையில் வைத்துக்கொண்டு கடையில் உலாத்த வேண்டும். கன்னம் இரண்டும் இறுக்கிப் பிடித்து, பேசும்போது உள்கன்னம் பல்லில் உரச வேண்டும். புது ஹெல்மெட்டுக்கு அது நல்ல அறிகுறி, கன்னப்பஞ்சு சில வாரங்களில் இளகும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் வலி வந்தால் அது இளகாது, ஏனென்றால் அங்கே அழுத்துவது பஞ்சு அல்ல, தெர்மாகோல். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தால் சிவப்பு அடையாளம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிறகு நாடாவை மாட்டிக்கொண்டு, வேறொருவரை விட்டு ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கிக் கழற்றப் பார்க்கச் சொல்ல வேண்டும். புருவத்தைத் தாண்டிச் சுருண்டு வந்தால் அது உனக்கானது இல்லை.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு போட்டுப் பார்க்க வேண்டும். காம்பு நுழைய இடமில்லாத ஹெல்மெட்டில் அரை மணி நேரத்தில் காதுக்கு மேலே வலி தொடங்கும். வேர்வைக்காகக் கர்சீப்பையோ துணிக்குல்லாவையோ கட்டிக்கொள்கிறவர் அதையும் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஓடு எதில் செய்தது என்று அவனுக்கு ஒரு கவலை. ஏபிஎஸ், பாலிகார்பனேட், ஃபைபர் கிளாஸ், கார்பன் என்று விலை ஏறிக்கொண்டே போகும். விலை ஏற ஏற பெரும்பாலும் எடை குறையும். கழுத்துக்கு அது நிம்மதி. ஆனால் முத்திரைச் சோதனையில் எல்லா ஓடும் ஒரே அடியைத்தான் தாங்கித் தேற வேண்டும். அதைவிட நான் கேட்கச் சொல்வது, அந்த மாடலுக்கு எத்தனை ஓட்டு அளவுகள் என்பது. சில கம்பெனிகள் ஒரே ஓட்டைச் செய்து, பஞ்சின் தடிமனை மட்டும் மாற்றி எஸ்ஸிலிருந்து எக்ஸ்எல் வரை விற்கும். அப்போது சின்னத் தலைக்காரருக்குப் பெரிய, கனமான ஓடு வந்து சேரும். இரண்டு மூன்று ஓட்டு அளவு உள்ள மாடல் தலைக்குத் தக்க எடையில் அமையும்.

ஃபுல் ஃபேஸை விட்டு அரை ஹெல்மெட்டுக்குப் போகலாமா என்று அவன் கேட்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கேட்பவர்கள் நிறைய. ஜெர்மனியின் ஹானோவரில் டீட்மார் ஓட்டே விபத்து ஹெல்மெட்டுகளை ஆராய்ந்து, அடி எங்கெங்கே விழுகிறது என்று வரைந்து காட்டினார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில். தாடையைத் திறந்துவிட்டுப் போகிற ஹெல்மெட் அந்தப் பங்கைக் காக்காது. தாடையை மேலே தூக்கக்கூடிய வகை வேண்டுமென்றால் ஐரோப்பிய முத்திரை எண்ணுக்குப் பின்னால் பி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால்தான் தாடைப் பகுதியும் சோதிக்கப்பட்டது. வெயிலுக்கு, கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும், மூடித் திறக்கும் நெற்றித் துளையும் உள்ள மாடல் போதும்.

பிராண்ட் மாற்றுவதில் இன்னொரு செலவு இருக்கிறது, யாரும் முதலில் நினைத்துப் பார்ப்பதில்லை. பழையதுக்கு வாங்கி வைத்த உபரி வைசர் புதியதில் பொருந்தாது. புளூடூத் இன்டர்காம் மாட்டியிருந்தால் ஸ்பீக்கர் குழி வேறு இடத்தில் இருக்கும். வைசர் கீறல் விழுகிற பொருள், அதிலும் செம்மண் தூசியும் லாரிப் புகையும் உள்ள சாலையில். இரவில் எதிர் வண்டி விளக்கு பட்டுக் கீறல்கள் பளிச்சிடும்போது பள்ளம் தெரியாது. ஆகவே, இந்த மாடலுக்குத் தெளிவான வைசர் தனியாக இங்கேயே கிடைக்குமா, கன்னப்பஞ்சு கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். இவை கிடைக்காத ஹெல்மெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மழைக்காலம் கழிந்தால் கஷ்டம்தான். கறுப்பு வைசர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரவுப் பணிக்குப் போவதை நான் எந்த வயதுக்காரரிடமும் ஒத்துக்கொள்வதில்லை.

நாடாவின் பூட்டில் டபுள் டி வளையம்தான் உறுதியானது, பந்தயங்களில் அதுதான். ஆனால் தினமும் பத்து முறை கழற்றி மாட்டுகிறவருக்குப் பல்லுப் பல்லாகச் செருகும் பக்கிள் வசதி. வசதியாக இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் போடுவார். நாடா போடாத ஹெல்மெட் சட்டத்தின் கண்ணிலும் ஹெல்மெட் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, தலையில் நாடாவால் உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பழசை வீட்டுல வெச்சுக்கிறேன், என் பொண்டாட்டி பின்னாடி உட்கார்றப்ப போட்டுக்கட்டும்" என்றான். இதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. நம் வீடுகளில் இதுதான் வழக்கம்: புதுசு ஓட்டுகிறவருக்கு, தளர்ந்துபோனது மனைவிக்கு. 129ஆம் பிரிவு பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். 2015 ஜூலை 1 முதல் இங்கே ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கிய சென்னை உயர்நீதிமன்ற உத்தரவும் இருவருக்கும் சேர்த்துத்தான். சட்டம் இருக்கட்டும். வண்டி சறுக்கினால் பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார்கூட இல்லை; வருவதை முன்கூட்டியே பார்க்கவும் முடியாது. உனக்கு லூசானது அவள் சின்னத் தலைக்கு இன்னும் லூசு. பழையதன் நாடாவைக் கத்தரியால் வெட்டிவிட்டு, வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாதபடி குப்பைக்குப் போடு. அவளையும் கடைக்குக் கூட்டிப்போ. ஹெல்மெட்டுக்கு அடியில் எப்படிப் பின்னிப் போடுவாளோ அப்படியே தலையைப் பின்னிக்கொண்டு வரச் சொல். உச்சிக்கொண்டையோடு ஃபுல் ஃபேஸ் இறங்காது. எஸ், எக்ஸ்எஸ் அளவுகள் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது. கிளம்பும் முன் போன் செய்து, அந்த அளவில் எந்தெந்த மாடல் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போ.